பெருமங்கலமும் பதவி துறத்தலும்: ஜார்ஜ் வாஷிங்டனின் வாழ்வும் பிறந்தநாள் விழாவும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கூட்டாட்சிச் சட்டம் தனி மனிதர் ஒருவரின் பெயரால் முதன்முதலில் ஏற்படுத்திய விடுமுறை, ஜார்ஜ் வாஷிங்டனின் பிறந்தநாள் ஆகும். அரசனின் பிறந்தநாளைக் கொண்டாடிய குடியேற்ற மக்கள், அரசனை நீக்கிய பின் அந்நாளுக்குரிய இடத்தை அரசனாக மறுத்த ஒருவருக்கு அளித்தனர். அவருடைய பெருமை பதவிகளைப் பெற்றதைவிட அவற்றை விட்டு விலகியதிலேயே தங்கியுள்ளது என்பதையும், அவர் விட வேண்டியிருந்தவற்றுள் ஒன்றை மிகத் தாமதமாகவும் குறையாகவும் விட்டார் என்பதையும் அவருடைய வாழ்க்கை வரலாற்றின்வழி இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: வாழ்க்கை வரலாறு, பெருமங்கலம், ஜார்ஜ் வாஷிங்டன், குடியரசு, அடிமைமுறை, தேசிய விடுமுறை.

முன்னுரை

தலைவனின் பிறந்தநாளைச் சிறப்பித்தல் தமிழ் இலக்கண மரபு நன்கறிந்த பொருளாகும். தொல்காப்பியப் புறத்திணையியல், பாடாண் திணையின் துறைகளுள் ஒன்றாகப் பெருமங்கலத்தைக் குறிப்பிடுகிறது. புறப்பொருள் வெண்பாமாலை இதனை நாண்மங்கலம் என்னும் பெயரால் வழங்குகிறது. சோழன் கிள்ளியின் இரேவதி நாளை முத்தொள்ளாயிரம் பாடுகிறது. முதலாம் இராசராசனின் சதய நாள் விழாவைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. அந்நாளில் அரசன் சினம் நீக்கியிருத்தலும் சிறைப்பட்டோரை விடுவித்தலும் பெருமங்கலத்தின் கூறுகளாக உரைமரபில் கொள்ளப்படுகின்றன.

இத்துறை அரசன் ஒருவன் இருப்பதை அடிப்படையாகக் கொண்டது. அரசனே வேண்டா என்று தீர்மானித்த நாடு, தன்னைத் தோற்றுவித்த தலைவனின் பிறந்தநாளைக் கொண்டாடினால் அவ்விழாவின் பொருள் யாது? இவ்வினாவிற்கு விடைகாண ஏற்ற சான்றாக அமைவது வாஷிங்டனின் வாழ்வு. தமிழ் மரபுக்கும் அமெரிக்க விழாவுக்கும் வரலாற்றுத் தொடர்பு எதுவும் இல்லை. பெருமங்கலம் என்னும் கருத்து, அவ்விழாவை நோக்குவதற்குரிய ஓர் அளவுகோலாக மட்டுமே இங்குக் கொள்ளப்படுகிறது.

ஒரு பிறப்பு, இரு நாட்கள்

வர்ஜீனியா அப்போது பிரித்தானியப் பேரரசின் குடியேற்றப் பகுதியாக இருந்தது. அங்கே வெஸ்ட்மோர்லாந்து மாவட்டத்துப் போப்ஸ் கிரீக் பண்ணையில், அகஸ்டின் வாஷிங்டனுக்கும் அவருடைய இரண்டாம் மனைவி மேரி பாலுக்கும் மூத்த மகனாக ஜார்ஜ் பிறந்தார். அந்நாளில் வழக்கிலிருந்த ஜூலியன் நாட்காட்டியின்படி அது பிப்ரவரி 11. புத்தாண்டு மார்ச் 25இல் தொடங்கியதால் ஆண்டும் 1731 என்றே எழுதப்பட்டது. 1752இல் பிரித்தானியா கிரகோரியன் நாட்காட்டிக்கு மாறியபோது செப்டம்பர் 2ஆம் நாளை அடுத்து 14ஆம் நாள் வந்தது. இடையிலிருந்த பதினொரு நாட்கள் கழிக்கப்பட்டன. அதன்படி அவருடைய பிறந்தநாள் 1732 பிப்ரவரி 22 ஆயிற்று.

இம்மாற்றம் மக்கள் வழக்கில் உடனே நிலைபெறவில்லை. அவர் வாழ்ந்த காலத்திலேயே சில ஊர்கள் பழைய நாளையும் சில ஊர்கள் புதிய நாளையும் கொண்டாடின. தம் வாழ்வின் இறுதி ஆண்டாகிய 1799இல், பிப்ரவரி 11ஆம் நாள் அலெக்சாந்திரியா நகரத்தார் நடத்திய பிறந்தநாள் விழாவிற்கு அவர் சென்றுவந்ததை அவருடைய நாட்குறிப்பால் அறிகிறோம். அதே மாதம் 22ஆம் நாள் அவருடைய இல்லத்தில் வளர்ப்புப் பேத்தி நெல்லி கஸ்டிசின் திருமணம் நடைபெற்றது. ஆகவே, பின்னாளில் அவருடைய பிறந்தநாள் வேறொரு கிழமைக்கு மாற்றப்பட்டதை மதிப்பிடும்போது, அந்நாள் தொடக்கம் முதலே முழுமையாக நிலைபெற்ற ஒன்றன்று என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

நில அளவையாளரும் படைத்தலைவரும்

ஜார்ஜுக்குப் பதினொரு வயதாகும்போது, 1743இல் தந்தை இறந்தார். தமையன்மார் இங்கிலாந்தில் கல்வி பயின்றவர்கள். தந்தையின் மறைவால் அவ்வாய்ப்பு ஜார்ஜுக்குக் கிட்டவில்லை. தந்தையின் உடைமைகளில் பத்து அடிமைகள் அவர் பங்கிற்கு வந்தனர். பதினோரு வயதுச் சிறுவன் பத்து மனிதர்களுக்கு உரிமையாளனாதல் அக்காலச் சட்டப்படி இயல்பான செயலாக இருந்தது. இச்செய்தி அவருடைய வாழ்வின் இறுதிவரை தொடரும் ஒன்றாதலின் இங்கே குறிக்கப்படுகிறது.

மாற்றாந்தாய் மகனாகிய தமையன் லாரன்சே அவருக்கு வழிகாட்டியாக அமைந்தார். ஆங்கிலக் கடற்படைத் தலைவர் எட்வர்ட் வெர்னனின்கீழ்ப் போரிட்டவர் லாரன்ஸ். அத்தலைவரின் நினைவாகவே தம் பண்ணைக்கு மவுண்ட் வெர்னன் எனப் பெயரிட்டார். அவ்வழியே கிடைத்த ஃபேர்ஃபாக்ஸ் குடும்பத்தாரின் நட்பால், 1748இல் தம் பதினாறாம் வயதில் ஜார்ஜ் மேற்குப் பள்ளத்தாக்குகளை அளக்கும் குழுவுடன் சென்றார். அடுத்த ஆண்டே கல்பெப்பர் மாவட்டத்தின் நில அளவையாளராக அமர்த்தப்பட்டார். 1751இல் நோயுற்ற லாரன்சுடன் பார்படோஸ் தீவிற்குச் சென்றதே அவர் மேற்கொண்ட ஒரே கடல்கடந்த பயணம். அங்கே பெரியம்மை கண்டு பிழைத்தார். அந்நோயின் கொடுமையை நேரில் அறிந்த பட்டறிவு பின்னாளில் ஒரு படையைக் காக்க உதவியது. அடுத்த ஆண்டு லாரன்ஸ் காலமானார். மவுண்ட் வெர்னன் பின்னர் ஜார்ஜின் வசமாயிற்று.

1753இல் ஒஹாயோ நிலப்பகுதியிலிருந்து பிரெஞ்சுக்காரர் விலக வேண்டும் என்னும் ஓலையை வர்ஜீனிய ஆளுநர் அவரிடம் கொடுத்தனுப்பினார். அடுத்த ஆண்டு மே மாதம் அவருடைய சிறுபடை ஒரு பிரெஞ்சுக் குழுவைத் தாக்கியது. அதன் தலைவர் ஜுமோன்வில் கொல்லப்பட்டார். ஜூலை 3ஆம் நாள் நெசெசிட்டி கோட்டையில் வாஷிங்டன் சரணடைந்தார். பிரெஞ்சு மொழியிலிருந்த சரணடைவு ஆவணத்தில், ஜுமோன்வில்லின் இறப்பைப் படுகொலையாகக் குறிக்கும் சொல் இருந்தது. அம்மொழி அறியாத அவர் அதில் ஒப்பமிட்டார். மொழிபெயர்ப்பாளரின் பிழையே காரணம் என்று பின்னர் விளக்கமளித்தார். வட அமெரிக்காவின் எல்லைக் காட்டில் தொடங்கிய இம்மோதல் ஆங்கில, பிரெஞ்சுப் பேரரசுகளின் ஏழாண்டுப் போராக விரிந்தது.

1755இல் படைத்தலைவர் பிராடக் மொனோங்ககேலா ஆற்றருகே தோற்று மாண்டபோது, வாஷிங்டன் ஏறியிருந்த இரு குதிரைகள் சுடப்பட்டன. அவருடைய மேலங்கியை நான்கு குண்டுகள் துளைத்தன. சிதறியோடிய வீரர்களை அவர் ஒழுங்குபடுத்தி மீட்டார். பின்னர் வர்ஜீனியப் படைப்பிரிவின் தலைமை அவருக்குக் கிடைத்தது. எனினும், அவர் பெரிதும் விரும்பிய பிரித்தானிய அரசப் படையின் பதவி கிடைக்கவில்லை. குடியேற்றப் பகுதியில் பிறந்தவன் என்பதால் இரண்டாம் நிலையில் வைக்கப்பட்ட இப்பட்டறிவு அவர் உள்ளத்தில் ஆழப்பதிந்தது. பின்னாளில் பதவிகளைத் துறந்தவர் இளமையில் பதவி வேட்கை மிக்கவராக இருந்தார் என்பது கருதத்தக்கது. விரும்பாத ஒன்றை விடுவதைத் துறவு எனக் கூறுதல் பொருந்தாது.

1758இல் படையிலிருந்து விலகிய அவர், 1759 ஜனவரி 6ஆம் நாள் மார்த்தா கஸ்டிஸ் என்னும் கைம்பெண்ணை மணந்தார். மார்த்தாவின் முதற்கணவருக்குப் பிறந்த இரு குழந்தைகளை வளர்த்தார். அவருக்கெனக் குழந்தைகள் பிறக்கவில்லை. வர்ஜீனியச் சட்டமன்ற உறுப்பினராகவும் பண்ணையாளராகவும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். மண்ணின் வளத்தைக் குறைத்து, இலண்டன் வணிகர்களிடம் கடனையும் பெருக்கிய புகையிலையைக் கைவிட்டுக் கோதுமைக்கு மாறினார். பொருளியல் நிலையிலும் அவர் இலண்டனிடமிருந்து விலகத் தொடங்கியதை இம்மாற்றம் உணர்த்துகிறது.

தோல்விகளைத் தாங்கிய தளபதி

1775 ஜூன் 15ஆம் நாள் பிலடெல்பியாவில் கூடிய கண்டப் பேராயம் அவரைத் தலைமைத் தளபதியாகத் தேர்ந்தெடுத்தது. அப்போது அவருக்கு வயது 43. ஊதியம் வேண்டா, செலவுத் தொகை மட்டும் போதும் என்னும் உறுதிமொழியுடன் அப்பொறுப்பை ஏற்றார். அடுத்த ஆண்டு ஜூலை 4இல் விடுதலைச் சாற்றுரை வெளிவந்தது. ஜூலை 9ஆம் நாள் அது நியூயார்க்கில் படைவீரர்களுக்குப் படித்துக் காட்டப்பட்ட பின், அந்நகரத்திலிருந்த மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் ஈயச் சிலை வீழ்த்தப்பட்டது. சிலையின் ஈயம் துப்பாக்கிக் குண்டுகளாக உருக்கப்பட்டது. ஆண்டுதோறும் பீரங்கி முழக்கத்துடனும் விருந்துடனும் கொண்டாடப்பட்ட மன்னர் பிறந்தநாள் இதன்பின் அந்நாட்டில் பொருளற்றதாயிற்று. அரசனுக்குரிய இடம் வெறுமையாயிற்று.

வாஷிங்டன் வென்ற களங்களைவிடத் தோற்ற களங்களே மிகுதி. 1776 ஆகஸ்டில் லாங் தீவில் தோற்று, நியூயார்க்கை இழந்து, நியூ ஜெர்சி வழியே பின்வாங்கினார். வீரர்களின் பணிக்காலம் ஆண்டிறுதியில் முடிய இருந்தது. அந்நிலையில் டிசம்பர் 25ஆம் நாள் இரவு, பனிக்கட்டிகள் மிதந்த டெலவேர் ஆற்றைச் சுமார் 2,400 வீரர்களுடன் கடந்து, மறுநாட் காலை டிரென்டனில் ஜெர்மானியக் கூலிப்படையினர் ஏறத்தாழ 900 பேரைச் சிறைபிடித்தார். 1777இல் படைவீரர்கள் அனைவருக்கும் அம்மை குத்த ஆணையிட்டார். பகைவரின் துப்பாக்கியைவிட நோயே மிகுதியாகக் கொன்ற அக்காலத்தில், இவ்வாணை ஒரு பெருவெற்றிக்கு நிகரானது.

அவ்வாண்டின் இறுதியில் படை ஃபோர்ஜ் பள்ளத்தாக்கில் தங்கியது. அங்கிருந்த ஆறு மாதங்களில் சுமார் 2,000 வீரர்கள் நோயால் மாண்டனர். உணவும் காலணியும் அரிதாயிருந்த அப்பாசறையில், 1778 பிப்ரவரி 22ஆம் நாள் பீரங்கிப்படையின் இசைக்குழுவினர் தளபதியின் இருப்பிடத்தின் முன் குழலும் முரசும் இசைத்தனர். அவருடைய பிறந்தநாளைப் பிறர் சிறப்பித்ததாகக் கூறப்படும் முதல் நிகழ்ச்சி இதுவே. பசித்திருந்த வீரர்களிடம் தொடங்கிய மங்கலம் என்பதே இதன் சிறப்பு.

இப்போரின் மற்றொரு பக்கத்தையும் குறிப்பிட வேண்டும். 1779இல் அவருடைய ஆணைப்படி ஜான் சல்லிவன் தலைமையில் சென்ற படை, பிரித்தானியருடன் சேர்ந்திருந்த இரோக்வா மக்களின் ஊர்களையும் விளைநிலங்களையும் எரித்தழித்தது. ஊர்களை அழிப்பவர் என்னும் பொருள்படும் பெயராலேயே அம்மக்கள் அவரை அழைத்தனர். ஒரு நாட்டின் தந்தையாகப் போற்றப்பட்டவர், அதே நிலத்தின் முன்னைக் குடிகளிடம் பெற்ற பெயர் இது.

பிரெஞ்சு அரசின் படையும் கப்பல்களும் துணைநிற்க, 1781 அக்டோபர் 19ஆம் நாள் யார்க்டவுனில் பிரித்தானியப் படை சரணடைந்தது.

முதல் துறப்பு: வாள்

வெற்றிக்குப் பின்னரே கடுமையான சோதனை வந்தது. படைவீரர்களுக்கு ஊதியம் நிலுவையில் இருந்தது. 1782 மே மாதம் லூயிஸ் நிக்கோலா என்னும் படை அதிகாரி, வாஷிங்டன் முடிசூட வேண்டும் என்னும் கருத்தைக் கடிதத்தில் வெளியிட்டார். அக்கருத்தை மனத்திலிருந்தே அகற்றிவிடுமாறு கடுமையான மறுமொழி சென்றது. 1783 மார்ச்சில் நியூபர்க் பாசறையில் அதிகாரிகள் பேராயத்தை மிரட்ட முற்பட்டபோது, வாஷிங்டன் அவர்கள் கூட்டத்திற்கு நேரில் சென்றார். உரைக்குப்பின் ஒரு கடிதத்தைப் படிக்க மூக்குக்கண்ணாடியை எடுத்து அணிந்தார். போர்ப்பணியில் கண்பார்வையும் குன்றிவிட்டதென்ற அவருடைய எளிய விளக்கம், வாதங்களால் இளகாத அதிகாரிகளை இளகச்செய்தது.

1783 டிசம்பர் 23ஆம் நாள் அன்னாபொலிசில் கூடியிருந்த பேராயத்தின்முன் நின்று, தலைமைத் தளபதிப் பதவியை அவர் திருப்பியளித்தார். மறுநாள் மாலை வீடு சேர்ந்தார். வெற்றிபெற்ற படையின் தலைவன் அரியணை ஏறுவதையே வரலாறு மிகுதியும் கண்டிருந்தது. கலப்பையை விட்டு வந்து போரில் வென்று மீண்டும் கலப்பைக்கே திரும்பிய பழைய உரோமானியச் சின்சினாட்டசுடன் அவரை மக்கள் ஒப்பிட்டதற்கு இதுவே காரணம்.

இரண்டாம் துறப்பு: ஆட்சி

1787இல் பிலடெல்பியாவில் நடைபெற்ற அரசியலமைப்பு மாநாட்டிற்கு அவர் தலைமை தாங்கினார். குடியரசுத் தலைவர் பதவிக்குப் பரந்த அதிகாரங்களை வகுக்க மாநாட்டினர் துணிந்தமைக்கு, முதலில் அதனை ஏற்கப்போகிறவர் அவரே என்னும் நம்பிக்கையும் ஒரு காரணமாகும். அதே அமைப்பே, பிரதிநிதிகளின் எண்ணிக்கையை வரையறுக்கும்போது அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காகக் கணக்கிட்டது. 1789இல் வாக்களித்த தேர்வாளர்கள் 69 பேரும் அவரையே தேர்ந்தெடுத்தனர். ஏப்ரல் 30ஆம் நாள் நியூயார்க்கில் பதவியேற்றார்.

அவரை எவ்வாறு விளிப்பது என்பதே முதல் விவாதங்களுள் ஒன்றாயிற்று. மேன்மை தங்கிய என்பது போன்ற நீண்ட அடைமொழிகளைச் செனட் குழு முன்மொழிந்தது. பிரதிநிதிகள் அவையோ, அரசியலமைப்பில் உள்ள தலைவர் என்னும் பெயரே போதும் என்றது. அடைமொழி நீங்கியது, ஆனால் பிறந்தநாள் வளர்ந்தது. ஆண்டுதோறும் பிப்ரவரி 22இல் மணியோசை, பீரங்கி முழக்கம், விருந்து, நடனம் என அரசனுக்குரிய நாண்மங்கலக் கூறுகள் அனைத்தும் இவருக்கு அமைந்தன. இது முடியாட்சியின் நிழல் என எதிரணி இதழாளர்கள் கண்டித்தனர். 1796இல் அவருக்கு வாழ்த்துக்கூறும் பொருட்டு அவையை அரைமணி நேரம் ஒத்திவைக்கும் தீர்மானத்தைப் பிரதிநிதிகள் அவை வாக்கெடுப்பில் தோற்கடித்தது. தலைவரிடம் கொண்ட பகை மட்டும் இதற்குக் காரணமன்று. தலைவன் அரசனாகிவிடக் கூடாது என்னும் அச்சமும் இதில் உண்டு. விழா கொண்டாடியோரும் அதனைத் தடுத்தோரும் ஒரே வினாவிற்கு வெவ்வேறு விடைகளைத் தேடியவர்களே.

இவ்வினாவிற்கு வாஷிங்டன் தம் செயலால் விடையளித்தார். இருமுறை ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், மூன்றாம் முறை போட்டியிடாமல் விலகும் முடிவை 1796 செப்டம்பர் 19ஆம் நாள் பிலடெல்பிய நாளிதழில் வெளியான விடையுரை வாயிலாக அறிவித்தார். கட்சிப் பகையும் வட்டாரப் பிரிவினையும் நாட்டைச் சிதைக்கும் என்று அதில் எச்சரித்தார். 1797 மார்ச் 4ஆம் நாள் ஜான் ஆடம்ஸ் பதவியேற்றார். உயிரோடும் செல்வாக்கோடும் இருக்கும் ஆட்சித்தலைவர் ஒருவர், தேர்தல்வழி வந்த மற்றொருவரிடம் அதிகாரத்தை ஒப்படைத்துவிட்டுக் குடிமகனாக ஊர் திரும்பினார்.

மூன்றாம் துறப்பு: மனித உடைமை

பெருமங்கல மரபு இவ்விரு துறப்புகளோடு நிறைவடையக்கூடும். வாழ்க்கை வரலாறு அவ்வாறு நிறைவடைய இயலாது. வாஷிங்டனின் பிறந்தநாள் விருந்துகளுக்கு உணவு சமைத்தவர் யார் என்னும் வினாவையும் அது எழுப்ப வேண்டும்.

தலைநகர் பிலடெல்பியாவாக இருந்தபோது, ஆறு மாதம் தொடர்ந்து அங்கே தங்கும் அடிமைகள் விடுதலை கோரப் பென்சில்வேனியச் சட்டம் இடமளித்தது. அக்காலவரம்பு நிறைவடையாதபடி, தம் இல்லத்து அடிமைகளை அவ்வப்போது வேறு மாநிலத்திற்கு அனுப்பி மீட்டழைக்கும் முறையை வாஷிங்டன் கையாண்டார்; அது வெளியில் தெரியாதிருக்கவும் விரும்பினார். தப்பியோடும் அடிமைகளைப் பிடிக்க வகைசெய்யும் 1793ஆம் ஆண்டுச் சட்டத்தில் கையொப்பமிட்டவரும் அவரே.

1796 மே 21ஆம் நாள், குடும்பத்தார் உணவருந்திக்கொண்டிருந்த வேளையில், மார்த்தாவின் பணிப்பெண் ஓனா ஜட்ஜ் அவ்வீட்டிலிருந்து வெளியேறி நியூ ஹாம்ப்ஷயருக்குச் சென்றார். அவரை மீட்க வாஷிங்டன் மேற்கொண்ட முயற்சிகள் பயனளிக்கவில்லை. சட்டத்தின் பார்வையில் இறுதிவரை அடிமையாகவும், வாழ்வில் விடுதலை பெற்றவராகவும் வாழ்ந்து 1848இல் அவர் மறைந்தார்.

தலைவரின் இல்லத்தில் புகழ்பெற்ற சமையற்கலைஞராக விளங்கியவர் ஹெர்குலிஸ். பின்னர் அவர் மவுண்ட் வெர்னனுக்கு அனுப்பப்பட்டுக் கல்லுடைத்தல், மண் தோண்டுதல் முதலிய கடும்பணிகளில் ஈடுபடுத்தப்பட்டார். 1797 பிப்ரவரி 22ஆம் நாள், வாஷிங்டனின் 65ஆம் பிறந்தநாளில், பதவிக்காலத்தின் இறுதி விழாவைப் பிலடெல்பியா கொண்டாடிக்கொண்டிருந்தபோது, ஹெர்குலிஸ் மவுண்ட் வெர்னனிலிருந்து தப்பிச்சென்றார். சில வாரங்களுக்குப்பின் அங்கே விருந்தினராக வந்தவர் லூயி பிலிப். பின்னாளில் பிரான்சின் மன்னரானவர். அவருடைய பணியாள் ஹெர்குலிசின் சிறுமகளிடம் தந்தையைப் பிரிந்த வருத்தம் பற்றிக் கேட்டார். தந்தை இப்போது விடுதலை பெற்றிருப்பதால் தனக்கு மகிழ்ச்சியே என்னும் பொருள்பட அக்குழந்தை விடையளித்ததை லூயி பிலிப்பின் நாட்குறிப்பு பதிவுசெய்துள்ளது.

பெருமங்கல நாளில் அரசன் சிறைப்பட்டோரை விடுவிப்பான் என்பது நம் உரைமரபு. இங்கோ, கட்டுண்டவர் தாமே தம்மை விடுவித்துக்கொண்டார்; நாள் மட்டும் பொருந்தியது.

வாஷிங்டனின் உள்ளத்தில் இவ்வினா எழாமலில்லை. 1799 ஜூலை 9ஆம் நாள் தம் கைப்பட எழுதிய உயிலில், தமக்கு உரிமையான அடிமைகள் அனைவரும் மார்த்தாவின் காலத்திற்குப்பின் விடுதலை பெற வேண்டும் என்று எழுதினார். முதியோரும் நலிந்தோரும் ஆதரிக்கப்படவும், பெற்றோரற்ற சிறார் எழுதப் படிக்கக் கற்கவும், எவரும் வர்ஜீனியாவுக்கு வெளியே விற்கப்படாதிருக்கவும் வழிவகுத்தார். போர்க்களத்தில் உடனிருந்த வில்லியம் லீக்கு உடனடி விடுதலையும் ஆண்டுத்தொகையும் அளித்தார். அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்த வர்ஜீனியத் தலைவர்கள் பலர் இவ்வளவும் செய்யவில்லை.

ஆயினும், அவ்வாண்டு மவுண்ட் வெர்னனில் இருந்த 317 அடிமைகளுள் அவருக்கு உரியவர் 123 பேர் மட்டுமே. 153 பேர் மார்த்தாவின் முதற்கணவர் சொத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களை விடுவிக்க இருவருக்கும் சட்ட உரிமை இல்லை. எஞ்சியோர் வாடகைக்கு அமர்த்தப்பட்டவர்கள். இரு பிரிவினரும் தம்முள் மணந்து வாழ்ந்ததால் விடுதலை குடும்பங்களைப் பிளந்தது. 1801 ஜனவரி 1ஆம் நாள் மார்த்தா தம் காலத்திலேயே கணவருக்குரிய அடிமைகளை விடுவித்தபோது, தப்பியோடிய ஹெர்குலிசும் சட்டப்படி விடுதலை பெற்றவரானார். அவருடைய பிள்ளைகளோ, தாய் கஸ்டிஸ் சொத்தைச் சேர்ந்தவர் என்பதால், அடிமைகளாகவே நீடித்தனர். மகிழ்ச்சி என்று விடையளித்த அச்சிறுமியும் அவர்களுள் ஒருத்தி.

வாளையும் ஆட்சியையும் வாஷிங்டன் தம் கையால் மக்கள் காணத் திருப்பியளித்தார். மனித உடைமையை மட்டும் தம் இறப்பின் வழியாகவே விட்டார். முதலிரு துறப்புகளில் இழப்பு அவருடையது. மூன்றாவதில், தாமதத்தின் விலையைப் பிறர் செலுத்தினர்.

மறைவும் விடுமுறையும்

1799 டிசம்பர் 12ஆம் நாள் பனியிலும் மழையிலும் குதிரைமீது பண்ணையைச் சுற்றிவந்த அவருக்குத் தொண்டை நோய் கண்டது. குருதி வடித்தல் உள்ளிட்ட அக்கால மருத்துவம் அவரை மேலும் நலிவித்தது. 14ஆம் நாள் இரவு தம் 67ஆம் வயதில் மறைந்தார்.

அவருடைய பிறந்தநாளை நாடு முழுவதும் ஒருங்கே கடைப்பிடிக்குமாறு அமெரிக்கப் பேராயம் முதலில் பரிந்துரைத்தது 1800 பிப்ரவரி 22ஆம் நாளையே. அது துக்க நாளாக அமைந்தது. அதே ஆண்டில் மேசன் வீம்ஸ் அவருடைய வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். செரி மரத்தை வெட்டிய சிறுவன் உண்மையை ஒப்புக்கொண்ட கதை, அந்நூலின் 1806ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்ந்தது. சான்றற்ற அக்கதை தலைமுறைகளின் பாடமாக நிலைத்தது. ஹெர்குலிசின் மகள் கூறிய விடையோ நாட்குறிப்பில் தங்கியது. வாழ்க்கை வரலாறு எதனைத் தேர்கிறது, எதனை விடுகிறது என்பதற்கு இவ்விரு குழந்தைகளின் கூற்றுகளே சான்று.

1862இல், உள்நாட்டுப் போரின் நடுவே, பிறந்தநாளையொட்டி விடையுரை அவையில் படிக்கப்பட்டது. அந்நூற்றாண்டின் இறுதியிலிருந்து செனட் அவையில் அது ஆண்டுதோறும் படிக்கப்பட்டு வருகிறது. 1879ஆம் ஆண்டுச் சட்டம் இந்நாளைத் தலைநகர் வட்டாரத்தில் விடுமுறையாக்கியது. 1885இல் அது பிற இடங்களின் கூட்டாட்சி அலுவலகங்களுக்கும் விரிந்தது. அவ்வாண்டு பிப்ரவரி 21ஆம் நாள், தலைநகரில் எழுப்பப்பட்ட வாஷிங்டன் நினைவுத்தூணும் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

1968இல் இயற்றப்பட்டு 1971இல் நடைமுறைக்கு வந்த சட்டம், இவ்விடுமுறையைப் பிப்ரவரியின் மூன்றாம் திங்கட்கிழமைக்கு மாற்றியது. அக்கிழமை 15ஆம் நாள் முதல் 21ஆம் நாள்வரை வரலாம். 22ஆம் நாள் ஒருபோதும் வாராது. இவ்வகையில், வாஷிங்டன் பிறந்தநாள் என்னும் பெயரிலுள்ள விடுமுறை அவருடைய பிறந்தநாளில் அமைவதே இல்லை. கூட்டாட்சிச் சட்டத்தில் பழைய பெயர் நீடித்தாலும், வணிகர்களும் பல மாநிலங்களும் குடியரசுத் தலைவர்கள் நாள் என்றே வழங்குகின்றனர். பிப்ரவரி 12இல் பிறந்த ஆபிரகாம் லிங்கனும் மக்கள் நினைவில் இந்நாளோடு இணைகிறார். அடிமைமுறையை ஒழித்தவரின் பெயர் அதனை முழுமையாக ஒழிக்காதவரின் நாளில் வந்து சேர்ந்தது திட்டமிட்டதன்று, எனினும் பொருத்தமற்றதுமன்று.

முடிவுரை

அரசனின் பெருமங்கலம் அவன் பிறப்பைப் போற்றுகிறது. ஏனெனில் பிறப்பே அவனுக்கு ஆட்சியுரிமை தருகிறது. குடியரசில் பிறப்பால் எவருக்கும் உரிமை இல்லை. ஆகவே, வாஷிங்டனின் பிறந்தநாள் கொண்டாடத்தக்கதாவது அவர் பிறந்ததனால் அன்று. இருமுறை விலகியதனால் ஆகும். அவ்விழாவின் உட்பொருளை பிப்ரவரி 22இல் தேடுவதைவிட, 1783 டிசம்பர் 23இலும் 1797 மார்ச் 4இலும் தேடுவதே பொருத்தமுடையது.

அதே அளவுகோல் அவருடைய குறையையும் அளக்கிறது. விடுதல் அவருடைய பெருமையாயின், விடாது வைத்திருந்தது அவருடைய சிறுமையாகும். பாடாண் மரபில் தலைவனின் சிறுமைக்கு இடமில்லை; வாழ்க்கை வரலாற்றில் அது இடம்பெற்றே ஆக வேண்டும். நாட்டுத் தலைவர்களின் பிறந்தநாளையொட்டித் தமிழில் எழுதப்படும் வரலாறுகள் பலவும் இன்றும் பாடாணின் எல்லைக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. 1797 பிப்ரவரி 22ஆம் நாளின் வரலாற்றை எழுதுவோர், பிலடெல்பியாவின் விழா மண்டபத்தோடு மவுண்ட் வெர்னனிலிருந்து ஒரு மனிதர் நடந்துசென்ற வழியையும் எழுத வேண்டும். இரண்டும் ஒருங்கே எழுதப்படும்போதுதான் அந்நாள் முழுமை பெறுகிறது.